தோற்றுவிட்டு ஏன் சிரித்தாள்

ஜெபமலர் தோற்றதைக்கூடத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு மன்னித்திருக்கும். தோற்ற கையோடு சிரித்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தாஷ்கண்டில் நடந்த மகளிர் மல்யுத்தப் போட்டி அது. பல நாட்டுக்காரர்களை அழைத்து நடத்தினார்கள். ஐம்பத்தைந்து கிலோ எடைப் பிரிவில் இந்தியாவுக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து ஜெபமலர் போயிருந்தாள். உள்ளூர் கேபிள் சானல்காரர்களுக்கு எங்கிருந்தோ ஒரு துணுக்குப் படம் கிடைத்தது. அதில் அவள் மோதியது இல்லை, விழுந்ததும் இல்லை. மங்கோலியப் பெண் ஒருத்தியின் கையை நடுவர் தூக்கிப் பிடிக்க, பக்கத்தில் நின்ற ஜெபமலர் பல் தெரியச் சிரிப்பது மட்டும்தான் இருந்தது. அதைச் செய்திக்குச் செய்தி போட்டார்கள். டிவி உள்ள கடைகளில் எல்லாம் அவள் நாள் முழுக்கத் தோற்றாள், நாள் முழுக்கச் சிரித்தாள்.

டெல்லி வண்டியில் வந்து தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவளுக்கு இதெல்லாம் தெரியாது. மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஜெபசிங் மட்டும் குடையோடு நின்றிருந்தார். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“யாரு என்ன கேட்டாலும் ஒண்ணும் சொல்லண்டாம் மக்ளே.”

“என்ன கேப்பாங்க?”

அவர் குடையை விரித்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளையே பார்த்தபடி ஓட்டினார். கிழக்கே கோட்டை சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பியே பார்த்துவிட்டார். “ஆ சிரிச்ச குட்டியல்லே இது?” அந்தச் சிரித்த பெண்தானே என்று அவளிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டார். அப்பா மழையைப் பார்த்தார். ஜெபமலருக்கு அப்போதும் புரியவில்லை.

ஜெபசிங் குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே சாலைக்கு வந்து, லிங்கம் அண்ணாச்சியின் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆணி, கம்பி, சங்கிலி என்று எடைக்கு விற்பதையெல்லாம் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. வாயிலிருந்து எடையைத் தவிர வேறு அதிகம் வராது. மனைவி ஞானபாய் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது; அதை அவள் குறைவில்லாமல் செய்தாள். மணக்காட்டில் ஒரு வாடகை ஓட்டு வீடு. ஒரே மகள் ஜெபமலர்.

அவள் மல்யுத்தத்துக்குப் போனது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. பள்ளிக்கூடத்து ஓணக் கொண்டாட்டத்தில் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள் ஜெபமலர். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சறுக்கி விழுந்து சேற்றில் புரண்டபிறகும், எதிர்க்கட்சி மொத்தமும் சேர்ந்து இழுத்தும், அவள் நட்ட கல் மாதிரி நின்றாள். பரிசு கொடுக்க வந்திருந்த ராஜமணி சார் மல்யுத்தப் பயிற்சியாளர். பரிசைக் கொடுக்க மறந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சண்டை போடுவியா?”

“யாரோட?”

“யாரோட வேணும்னாலும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி சார்” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் ஞானபாய் ஒரு வாரம் பேசினாள், அடுத்த வாரம் பேசாமல் இருந்தாள். அதையும் தாண்டிவிட்டாள் மகள். தாண்ட முடியாதது சாலைதான். கடைத்தெருவுக்குத் தெரிந்த மல்யுத்தம் கேபிளில் வருகிற அமெரிக்கக் குஸ்தி ஒன்றுதான். லிங்கம் அண்ணாச்சி தன் கடையில் உயரத்தில் ஒரு டிவியை மாட்டி வைத்து, தொண்ணூறுகளிலிருந்தே அதைப் பக்தியோடு பார்த்துவருபவர். ஜெபமலர் பயிற்சிக்குப் போகத் தொடங்கிய நாளில் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏட்டி மலரு, நாற்காலியத் தூக்கி அடிக்கதெல்லாம் எப்பச் சொல்லித் தருவாவ?”

“அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி. அது நடிப்பு.”

“ரத்தம் வருது, நடிப்புங்கியே!” அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப நீங்க என்னதான் செய்வீய?”

“காலைப் பிடிப்போம், கையைப் பிடிப்போம், முதுகு தரையில படுற மாதிரி திருப்புவோம்.”

“கட்டிப் புரளுவீய. அதச் சொல்லு.”

அன்றிலிருந்து அவள் எந்த ஊருக்குப் போய் எதை வென்று வந்தாலும் அண்ணாச்சி கேட்பது, “எவளையாவது கயிறுக்கு வெளிய தூக்கிப் போட்டியா?” என்பதுதான். மேட் என்பது வெறும் விரிப்புதான், அந்த மேட்டில் கயிறே கிடையாது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்கு முதலாளி, எரிந்து விழவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, “இல்ல அண்ணாச்சி” என்பாள்.

தேசியப் போட்டியில் வெள்ளி வாங்கி, பேப்பரில் படம் வந்த பிறகுதான் அண்ணாச்சி மனம் மாறினார். மாறியது இன்னும் பெரிய தொல்லையாகப் போயிற்று. தாஷ்கண்டுக்குத் தேர்வானாள் என்று தெரிந்ததும் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் ஜெபமலரின் தலைக்குப் பின்னால் ஒரு சிங்கம் வாயைத் திறந்திருந்தது. கழுத்தில் தங்கப் பதக்கம் தொங்கியது. போட்டி நடக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. கீழே கும்பிட்டபடி லிங்கம் அண்ணாச்சி, அவளைவிடக் கொஞ்சம் பெரியதாக.

“அண்ணாச்சி, பதக்கத்தை எடுக்கச் சொல்லுங்க. பாக்கிறவங்க சிரிப்பாங்க.”

“நம்பிக்க வேணும்ட்டி! நீ ராமசுப்ரமணியன் சாரப் பாரு. மனசுக்கு அவருதான் மருந்து.”

ராமசுப்ரமணியன் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் இருப்பவர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றபிறகு, தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார். பார்க்க அவள் போகவில்லை. அவரே மணக்காட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“இதோ பாரும்மா, தோல்விங்கற வார்த்தையே வாயில வரப்படாது. தினம் கார்த்தால கண்ணாடி முன்னாடி நின்னுண்டு, ‘நான் ஜெயிச்சாச்சு, நான் ஜெயிச்சாச்சு’ன்னு சொல்லணும். ஆழ்மனசு நம்பிடுத்துன்னா உடம்பு தானா பின்னாடி வந்துடும். புரியறதோ?”

மறுநாள் காலையில் சொல்லித்தான் பார்த்தாள். அடுப்படியிலிருந்து ஞானபாய் எட்டிப்பார்த்து, “ஆருட்ட பேசுக?” என்றாள். அதோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

டெல்லி முகாமிலும் ஒரு மனநல நிபுணர் வந்தார். எல்லாரும் கண்ணை மூடி, பதக்கம் கழுத்தில் விழுவதைப் பாருங்கள் என்றார். எடையைக் குறைப்பதற்காக அரைவயிற்றோடு கிடந்த ஜெபமலருக்குக் கண்ணை மூடியதும் மணக்காட்டு முக்குக் கடையின் பொரோட்டாதான் தெரிந்தது. அடுக்கடுக்காக, ஆவி பறக்க. “பதக்கம் பளபளன்னு தெரியுதா?” என்று அவர் கேட்டபோது, “தெரியுது சார், சூடா இருக்கு” என்றுவிட்டாள்.

உண்மையில் அவளுக்கென்று ஒரே ஒரு வழிதான் இருந்தது. சேர்ந்த புதிதில் ராஜமணி சார் சொல்லிக்கொடுத்தது. எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, முகம் ஏமாற்றும், காலைப் பார். மேட்டில் ஏறினால் ஜெபமலருக்கு இரண்டு கால்கள் மட்டும்தான் உலகம். எந்தக் கால் முன்னால் இருக்கிறது, எதில் எடை இருக்கிறது, எது நகரப் போகிறது. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் அந்த நினைப்பு நேரே கழுத்துக்குப் போய் விறைத்துக்கொள்ளும். அதனால் ஜெயிப்பதையும் நினைக்க மாட்டாள், தோற்பதையும் நினைக்க மாட்டாள். அப்பாவின் தராசில் எதுவும் வைக்காதபோது தட்டு இருக்குமே, அப்படி மனதை வைத்துக்கொள்வாள். இதை யாரிடமாவது சொன்னால், “ஒண்ணுமே நினைக்க மாட்டியா? அப்புறம் எப்படி ஜெயிப்ப?” என்று கேட்பார்கள். ஆகவே சொல்வதில்லை.

தாஷ்கண்டில் முதல் ஆட்டத்தில் கஜகஸ்தான் பெண்ணை வென்றாள். அதை எந்த சானலும் காட்டவில்லை. அடுத்தது மங்கோலியப் பெண். முதல் சுற்று ஜெபமலருக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவது சுற்றில் இரண்டு பேரும் புள்ளி எடுக்கவில்லை.

அப்போது ஒரு விதி இருந்தது. புள்ளியே இல்லாமல் ஒரு சுற்று முடிந்தால், நடுவர் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுப்பார். சிவப்பு வந்தால் சிவப்பு உடைக்காரி, நீலம் வந்தால் நீல உடைக்காரி, எதிராளியின் ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். அரை நிமிடத்துக்குள் அவள் புள்ளி எடுத்தால் அவளுக்கு வெற்றி, எடுக்காவிட்டால் மற்றவளுக்கு. கால் ஏற்கெனவே பிடியில் இருப்பதால் பெரும்பாலும் பிடித்தவள்தான் ஜெயிப்பாள்.

சிவப்பு வந்தது. ஜெபமலர் நீலம்.

மங்கோலியப் பெண் குனிந்து தொடையைக் கட்டிக்கொண்டபோது அவள் கைகள் வெடவெடவென்று நடுங்குவதை ஜெபமலர் உணர்ந்தாள். விசில் ஊதியதும் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து விளிம்புவரை போய், விளிம்பில் சாய்ந்தாள். முடிந்தது. நடுவர் கையைத் தூக்கும் முன்பே வென்றவள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். ஜெபமலரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் பாஷையில் நீளமாக என்னவோ சொல்லி, மூக்கை அவள் தோளில் துடைத்து, கடைசியில் தெரிந்த ஒரே ஆங்கிலத்தில், “ஸாரி, ஸாரி” என்றாள். தோற்றவள் நான் நிற்கிறேன், ஜெயித்தவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஜெபமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவளும் அழுதாள். அங்கே காமிரா இல்லை.

இந்தக் கதையை ஊருக்கு வந்தபிறகு அவள் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கணக்கில்லை. முதல் ஆள் அண்ணாச்சி.

“கடைத்தெருவே தலைய தொங்கப்போட்டு நிக்கி, நீ பல்லக் காட்டிட்டு நிக்கியே. அது என்னட்டி சிரிப்பு?”

“அண்ணாச்சி, அவ அழுதா. அதான் சிரிப்பு வந்துது.”

“ஜெயிச்சவ எதுக்கு அழுதா?”

“பந்து அவளுக்கு வந்துது...”

“பந்தா? மல்லுக்கட்டுல பந்து எங்க வந்துது? நீ எந்த வெளையாட்டுக்குட்டி போன?”

பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி பரிதாபப்பட்டாள். கிணற்றடியில் வைத்து விதி முழுவதையும் கேட்டுவிட்டு, “அது லாட்டரி அல்லே மோளே! லாட்டரி எடுக்கான் அவிடம் வரே போகணோ? தம்பானூரில் கிட்டுமல்லோ” என்றாள். விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். ஆனாலும், “எந்தாயாலும் சிரிக்கண்டாயிருந்நு” என்று, சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்பதில்தான் அவளும் முடித்தாள்.

மீன்காரியும் கேட்டாள். பஸ் கண்டக்டர் கேட்டார். சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து கேட்டாள். எல்லாருக்கும் அக்கறைதான். அந்த அக்கறையைக் கண்டாலே ஜெபமலருக்கு உச்சந்தலை கொதித்தது. ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனபோது கடை வாசலில் சிமெண்ட் மூட்டைகள் நனையாமல் எதையோ போர்த்தியிருந்தார்கள். பார்த்தால் அவளுடைய ஃப்ளெக்ஸ். சிங்கத்தின் வாயில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் முகம் தலைகீழாக ஒரு மூட்டையின் மேல் மடிந்திருந்தது.

அவள் ஜெயித்து வருவாள் என்று முன்கூட்டியே வியாபாரிகள் சங்க ஹாலில் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். வார்டு கவுன்சிலர் வருவதாகச் சொல்லிவிட்டார், நிறுத்த முடியாது. அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். ‘பாராட்டு விழா’ என்பதை அடித்துவிட்டு ‘வெற்றிக்கு மனோபலம் – சிறப்புரை’ என்று மாற்றினார். பேசுபவர் ராமசுப்ரமணியன். மேடையில் ஜெபமலருக்கும் ஒரு நாற்காலி.

வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். “முதலாளி விளிச்சிருக்காரு மக்ளே” என்று ஞானபாய் கெஞ்சினாள்.

ராமசுப்ரமணியன் மைக்கைப் பிடித்தார். “நம்ம கொழந்தை ஏன் தோத்தா? பலம் இல்லையா? இருக்கு. டெக்னிக் இல்லையா? இருக்கு. ஆழ்மனசுல பயம். அந்தச் சிரிப்பைப் பாத்தேளோன்னோ? அது சந்தோஷம் இல்லே. பயத்தை மறைக்கற திரை!” கவுன்சிலர் தலையாட்டினார். முன்வரிசையில் ஞானபாய்கூட அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, செத்துப்போனவளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார்களே என்று ஜெபமலருக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து மைக்கை வாங்கினாள்.

“பயமெல்லாம் இல்ல. நடந்ததைச் செஞ்சே காட்டுறேன். யாராவது ஒராள் மேல வாங்க.”

யாரும் அசையவில்லை. பெண்பிள்ளையிடம் விழ எந்த வியாபாரியும் தயாராயில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஓமனா சேச்சி, “ஞான் வராம்” என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். கவுன்சிலருக்குக் கொடுத்த எலுமிச்சம்பழங்களில் மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று எடுத்து ஒரு துணிப்பைக்குள் போட்டாள் ஜெபமலர். மஞ்சள் வந்தால் சேச்சி காலைப் பிடிக்கலாம், பச்சை வந்தால் நான் பிடிப்பேன் என்று விளக்கி, அண்ணாச்சியை எடுக்கச் சொன்னாள். மஞ்சள் வந்தது.

“பாத்தீங்களா? இப்பிடித்தான். இதுல என் மனசு என்ன செய்யும்?”

ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றே தோன்றியது. ஓமனா சேச்சி குனிந்து அவள் காலைக் கட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். அப்போது விழுந்திருக்க வேண்டும். அவளும் விழத்தான் நினைத்தாள். ஆனால் வருடக்கணக்காகப் பழகிய உடம்பு அவளைக் கேட்கவில்லை. இடுப்பு தானாகத் திரும்பியது, பாதம் தானாக ஊன்றியது. சேச்சி மூச்சு வாங்கி, “எனிக்கு வய்யா” என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபமலர் நின்றுகொண்டிருந்தாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. அது அடங்குவதற்குள் அண்ணாச்சி எழுந்தார்.

“இப்ப நின்னியே! அங்க ஏன்ட்டி நிக்கல?”

“அதானே!” என்றது ஹால் மொத்தமும்.

“பாத்தேளா?” ராமசுப்ரமணியன் இரண்டு கைகளையும் விரித்தார். “சொந்த ஊர்ல பயம் இல்லே. நிக்கறா. இதான் மனசு!”

ஓமனா சேச்சியும் மங்கோலியக்காரியும் ஒன்றா என்று கேட்க வாயைத் திறந்தாள் ஜெபமலர். பிறகு மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையிலேயே இறங்கி நடந்தாள்.

இதெல்லாம் எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் ஊர்ப் பேச்சு அவள் பின்னாலேயே மேட்டுக்குள் வந்துவிட்டது. பயிற்சியில் விழும்போது வாயை இறுக மூடிக்கொள்வதை முதலில் அவளே கவனிக்கவில்லை. எழும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். கொல்லத்தில் நடந்த ஒரு தேர்வுப் போட்டியில், அவளைவிட எவ்வளவோ குறைந்த அனுபவமுள்ள ஒரு பெண் அவளை இரண்டே சுற்றில் தோற்கடித்தாள். ராஜமணி சார் திட்டவில்லை.

“எங்க பாத்துட்டிருந்த?”

“காலைத்தான் சார்.”

“பொய். உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்த.”

சார் சொன்னது சரி. ஆட்டம் முழுக்கத் தன் முகம் சாலையின் டிவிகளில் எப்படித் தெரியும் என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் விட்டுடட்டுமாப்பா? இவங்ககிட்ட என்னால ஆவாது.” ஜெபசிங் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பாவின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனாள். கடையில் அண்ணாச்சியும் இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அண்ணாச்சி வழக்கம்போலத் தொடங்கினார். “கொல்லத்துலயாவது அழுதியா, இல்ல அங்கயும்...”

ஜெபசிங் நிறுத்துக்கொண்டிருந்த ஆணிகளைத் தட்டிலிருந்து எடுத்து மறுபடி பெட்டியிலேயே கொட்டினார்.

“முதலாளி, எம் மவ சிரிச்சதப் பத்தி இனி இந்தக் கடையில ஒரு பேச்சு வரப்பிடாது. வந்தா நான் தராச வச்சிட்டு ஊருக்குப் போயிருவேன்.”

அண்ணாச்சிக்கு முதலில் யார் பேசியது என்றே புரியவில்லை. “என்னடே ஜெபசிங்கு... அக்கறையிலதான கேக்கேன்.”

“அக்கறை உண்டும்னா ஒருக்க வந்து நேர்ல பாக்கணும். டிவில பாத்துட்டுப் பேசப்பிடாது.” பேசி முடித்து, அவர் ஆணிகளை மறுபடி அள்ளித் தட்டில் போட்டார். வாடிக்கையாளர்களில் ஒருவர் மெல்ல வெளியே போனார்.

அதற்குப்பிறகு அண்ணாச்சி கேட்கவில்லை. ஆனால் கேட்காமலிருப்பதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, அது கேட்பதைவிட மோசம். ஜெபமலரைக் கண்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, “உம்... உம்...” என்பார். கேட்டுத் தொலைக்கலாமே என்று அவளுக்கே தோன்றும்.

ஓணம் கழிந்து மாநிலப் போட்டி திருவனந்தபுரத்திலேயே நடந்தது. ஜெபமலர் மேட்டருகே உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, சிமெண்ட் படிக்கட்டில் வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். லிங்கம் அண்ணாச்சி. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

முதல் ஆட்டம் தொடங்கியதுமே, “குத்துட்டி!” என்று கத்தினார். நடுவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெபமலர் தெரியாதவள்போல் திரும்பிக்கொண்டாள். ஆனால் நேரம் போகப் போக அண்ணாச்சியின் சத்தம் குறைந்தது. முட்டியில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தகப்பனிடம் என்னென்னவோ கேட்டார். மத்தியானத்துக்குமேல் கோட்டயத்துப் பெண் ஒருத்தி புள்ளியில்லாமல் சமன் செய்து, பந்து எடுத்ததில் தோற்றாள். அண்ணாச்சி துள்ளி எழுந்துவிட்டார்.

“ஏய்! இது அநியாயம்லா! காலைலேர்ந்து அந்தப் பிள்ள என்ன பாடு படுது! பையில கையவிட்டு முடிச்சிருவீயளா? வெளையாட்டா நடத்துதீய, லாட்டரியா நடத்துதீய?”

காவலாளி வந்து உட்காரச் சொன்னார். அவர் உட்கார மறுத்தார். தோற்ற பெண்ணே படியருகில் வந்து, “சாரமில்ல அங்கிளே” என்று சமாதானம் சொல்லும்படி ஆயிற்று. ஜெபமலர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். இவ்வளவு நாள் தொண்டை வறளச் சொன்னேனே, எலுமிச்சம்பழம் வைத்தெல்லாம் காட்டினேனே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் தோளில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த ஆத்திரத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

இறுதி ஆட்டத்தில் கொல்லத்தில் தன்னைத் தோற்கடித்த அதே பெண். மேட்டில் ஏறியதும் ஜெபமலர் குனிந்து பார்த்தாள். இரண்டு கால்கள். வேறொன்றும் தெரியவில்லை. முதல் சுற்றை எடுத்தாள், இரண்டாவதை விட்டாள், மூன்றாவதில் அவளைத் திருப்பி முதுகைத் தரையில் பதித்தாள். எழுந்தபோது தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பார்த்தவர்கள் யாரும் அதைப்பற்றி எதுவும் சொல்லவுமில்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி உதட்டை மடித்துக்கொண்டு நின்றார்.

“கேளுங்க அண்ணாச்சி. என்ன கேக்கணுமோ கேளுங்க.”

“ஜெபசிங்கு கோவப்படுவானே.”

“கேளுங்கன்னேன்.”

“ரெண்டாவது ரவுண்டுல அவ எடது கால முன்னால வச்சிருந்தா. கிட்டத்தான் இருந்துது. நீ ஏன் பிடிக்கல?”

ஜெபமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இது.

“அது வேணும்னே வச்ச கால் அண்ணாச்சி. நான் குனிஞ்சா மேல விழுந்து அமுக்குவா.”

“இல்லட்டி. எடை பூரா பின்கால்ல இருந்துது. நான் பாத்தேன்.”

“நீங்க படியில இருந்து பாத்தீங்க. நான் முன்னால நின்னு பாத்தேன்.”

“படியில இருந்தா நல்லாத் தெரியும்லா?”

ஆட்டோவில் ஏறி, சாலையில் இறங்கி, கடைக் கதவைத் திறக்கும்வரை அந்த வாதம் ஓயவில்லை. பாதிக்குமேல் அவர் சொன்னது தப்பு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பூட்டிய கடை வாசலில் காத்திருந்து கூடவே உள்ளே வந்த ஜெபசிங், தராசு வைத்த மேசையில் தாளம் போட்டபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெபமலருக்கு மின்வாரியத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. இன்னும் இரண்டு முறை வெளிநாடு போனாள். ஒருமுறை வெண்கலம் வாங்கினாள். அந்த ஆட்டத்தின் படம் யாரிடமும் இல்லாததால் கேபிள் சானல்காரர்கள் பழைய தாஷ்கண்ட் துணுக்கையே தேடி எடுத்து, ‘அஞ்சாத புன்னகை’ என்று எழுதிப் போட்டார்கள். ராமசுப்ரமணியன் வீட்டுக்கு வந்தார். “என் கிளாஸ்ல நீ வந்து பேசணும். தோல்விலயும் சிரிக்கறதுக்கு எத்தனை மனோபலம் வேணும்!”

“அன்னைக்கு அது பயம்னீங்களே சார்?”

“அது அப்போம்மா” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். அவள் காப்பி கொடுத்து அனுப்பினாள். வகுப்புக்குப் போகவில்லை.

கூட வேலை பார்த்த அனீஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பயிற்சியில் வலது முழங்கால் திருகிக்கொண்டதோடு மேட்டை விட்டு இறங்கினாள். பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்தாள். பில் அதிகம், மின்சாரம் இல்லை, கவுண்டர் தாமதம் என்று நாள் முழுக்க ஆட்கள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்துவார்கள். யார் முகத்தையும் பார்க்காமல், நீட்டிய கையை மட்டும் பார்த்து வாங்கி முத்திரை குத்துவாள்.

கடைப் பில்லைக் கட்ட லிங்கம் அண்ணாச்சியே வருவார். வேறு யாரையும் அனுப்ப மாட்டார். தன் முறை வந்ததும் கண்ணாடி ஓட்டைக்குள் வாயை வைப்பார்.

“நல்லா யோசிச்சுப் பாத்தேன். அந்த எடது கால நீ பிடிச்சிருக்கணும்.”

“அண்ணாச்சி, பில்லக் குடுங்க.”

“எடை பின்னாலதான் இருந்துது.”

“இல்ல, முன்னாலதான் இருந்துது! எத்தனை வாட்டி சொல்லணும் உங்ககிட்ட?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்குவார்கள். அவள் பில்லைப் பிடுங்கி, முத்திரை குத்தி, ஓட்டை வழியாகத் தள்ளுவாள்.

“சாயங்காலம் கடைக்கு வாரேன். அங்க வச்சுப் பேசிக்கலாம். இப்பப் போங்க.”

சாயங்காலம், முழங்கால் வலியோடு, போகவும் செய்வாள்.